இடமுறுக்குக் கயிறு

தோவாளையிலிருந்து சனிக்கிழமைதோறும் தாணம்மாள் என்ற பூக்காரி எங்கள் துறைக்கு வருவாள். மாதா கோயில் பீடத்துக்கான பிச்சியும் அரளியும் அவள் கூடையில்தான் வரும். முதல் பஸ்ஸில் இறங்கி, மணல் ரோட்டில் ஒரு மைல் கூடையைத் தலையில் வைத்து நடப்பாள். ஒரு வருஷம் அவளுடைய துணிச் சும்மாடு நைந்து, கூடையின் மூங்கில் உச்சந்தலையில் குத்திப் புண்ணாகிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூடையை இறக்கும்போது ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பாள், அவ்வளவுதான்.

இசபெல் மைனி அதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை தாணம்மாள் பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, மெல்லிய தென்னந்தும்பில் பின்னி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சும்மாடு ஒன்றை வெறுங்கூடைக்குள் வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்ததால் கண்டேன். தாணம்மாள் அதைக் கோயிலில் கொடுத்தது என்று நினைத்துக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் நன்றி சொன்னாள். அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இசபெல் மைனி போன தவக்காலத்தில் கீரிப்பாறையில் கண்ணை மூடினாள். இந்தத் திருநாள் மலரில் அவளைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அவளுடைய வீட்டுக்காரர் கிளீட்டஸ் அண்ணன் என் பெரியப்பா மகன், அதனால் அவள் எனக்கு மைனி, அண்ணி முறை. ஆனால் உறவைவிடக் கயிறு திரிக்கிற ராட்டுதான் எங்களைச் சேர்த்து வைத்தது. நான் கண்டதையும், அவள் வாயால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். கூட்டிச் சொன்னால் மாதா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஆறு கடலில் விழும் இடத்தைப் பொழி என்போம். பொழிக்குள் ஒரு சின்னத் தீவு உண்டு. சுற்றிலும் கைதை என்கிற தாழம் புதர், நடுவில் நாலைந்து தென்னையும் வெறும் மணலும். கைதைத்திட்டு என்று பெயர். தேங்காய் மட்டையை அந்த ஓரத்துத் தண்ணீரில், எங்கள் பேச்சில் வெள்ளத்தில், மாசக்கணக்கில் புதைத்து வைத்து, அழுகியதும் அடித்துத் தும்பெடுத்து, அங்கேயே பெண்கள் கயிறு திரிப்பார்கள். ஒருத்தி ராட்டின் கைப்பிடியைச் சுற்றுவாள். மற்றவள் இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு, நுனியை ராட்டின் கொக்கியில் மாட்டி, தும்பை விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடப்பாள். தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சுற்றுகிறவள்தான் சொல்ல வேண்டும். கல் கிடக்குது, ஆடு நிக்குது, கொஞ்சம் ஒதுங்கு. அவள் முதுகுக்கு இவள்தான் கண்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நடக்கிறவள் சொல்லாமல் சுற்றுகிறவள் கைப்பிடியை விடக் கூடாது. விட்டால் ஏறிய முறுக்கெல்லாம் இறங்கி, கயிறு சுருண்டு வீணாகிவிடும். கடைசித் தப்படியில் முனையை முடிந்துவிட்டு நடக்கிறவள், "மதி மக்கா, கையெடு" என்பாள். மதி என்றால் எங்கள் பக்கம் போதும் என்று அர்த்தம். அந்தச் சொல் வந்த பிறகுதான் கையை எடுக்கலாம்.

மைனிக்கு அளவுகோல் கிடையாது. செபமாலைதான் அளவு. ஒரு தப்படிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடியும்போது கயிறும் ஐம்பத்து மூன்று தப்படி இருக்கும். கடைக்காரர்கள் அளந்து பார்த்து ஒரு சாண்கூடக் குறை கண்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள், அபினா. ஒன்பது வயது. இடக்கைக்காரி. அவள் கைப்பிடியைப் பிடித்தால் ராட்டு எதிர்ப்பக்கம் ஓடும், கயிறு இடமுறுக்காக விழும். மற்றவர்கள் திரித்த கயிறோடு அதைச் சேர்த்து முறுக்கினால் நிற்காமல் பிரிந்துவிடும்.

"ஏட்டி, வலக்கைய உனக்குச் சோறு திங்கதுக்கு மட்டுமா தந்துருக்கு?" என்று மைனி கேட்பாள்.

"சோறும் நான் இடக்கையிலதான் தின்னேன். நீதான அடிச்சு மாத்துன" என்று அது சொல்லும். மைனிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

2004ஆம் வருஷக் கடைசியில், வரப்போகிற தை மாசத் திருநாளுக்குப் புதுக் கொடிக்கயிறு செய்து தருவதாக மைனி கோயிலில் நேர்ந்திருந்தாள். கொடிக்கயிறு முழுசும் நான்தான் சுற்றுவேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றது. மூன்று புரியும் இடமுறுக்காகவே இருந்தால் ஒன்றோடொன்று சேரும்தானே என்று மைனி ஒத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே இரண்டு புரி முடிந்து கோயிலுக்குப் போய்விட்டது. மூன்றாவது புரிக்காக டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு அம்மாவும் மகளும் திட்டுக்குப் போனார்கள். கோயில் காரியம் ஞாயிற்றுக்கிழமையும் செய்யலாம் என்று சாமியாரிடம் கேட்டுக்கொண்டுதான் போனார்கள்.

அன்று திட்டில் நடந்ததை மைனி ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். பிள்ளை ராட்டில், முகம் கடலைப் பார்த்து. மைனி கடலுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தாள். முப்பத்தொன்றாவது மணி.

"அம்மா, கடல் பின்னால போவுது."

"நீ சுத்து மக்கா. கையெடுக்காத."

"அம்மா, பொழியில வெள்ளமே இல்ல. மீனு கெடந்து துள்ளுது."

"வெளையாடாத. நான் சொல்லாம கையெடுக்கப்பிடாது."

அதற்குப் பிறகு ராட்டு மட்டும் வேகமாகச் சுற்றியது. மைனி நிமிர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததை அந்த முகத்தில்தான் கண்டாள்.

மத்தியானம் வள்ளக்காரர் ஏசுஅடிமை மைனியைக் கைதைப் புதருக்குள் உயிரோடு கண்டெடுத்தார். கயிறு இடுப்பில் சுற்றிக் கிடந்தது. மறுமுனை ராட்டின் கொக்கியிலேயே இருந்தது. ராட்டு ஊன்றிய கட்டை அசையவில்லை. அந்தக் கயிறுதான் அவளைக் கடலுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்தது. பிள்ளையைக் காணவில்லை. அன்றும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

ஏசுஅடிமை அண்ணன் வெகுநாள் கழித்து இன்னொன்றும் சொன்னார். கைப்பிடியில் கை இல்லையென்றால் நிமிஷத்தில் இறங்கிவிடும் முறுக்கு, அவ்வளவு வெள்ளம் வந்து போன பிறகும் இறங்காமல் விறைத்து நின்றதாம். கொக்கியிலிருந்து அவர் கழற்றிய பிறகும் கயிறு சுருளவில்லையாம். "எனக்கு அத கையில பிடிக்கவே தைரியம் வரல்ல, கேட்டியா" என்றார். அவர் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் அன்று கடல் கொண்டுபோன நாற்பத்தொரு பேருடைய பெயரை வெட்டிக் கல் வைத்தார்கள். அபினாவின் பெயர் அதில் இல்லை. மைனி சம்மதிக்கவில்லை. பிள்ளைக்காகப் பூசை வைக்கவும் விடவில்லை. சாமியார் வீட்டுக்கே வந்து பேசினார். மைனி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் இன்னும் மதின்னு சொல்லல சாமி. நான் சொல்லாம அவ கையெடுக்கமாட்டா. சொல்லிட்டேன்னா போயிருவா."

சாமியார் சிலுவை வரைந்துவிட்டு எழுந்து போனார். பஹ்ரைனிலிருந்து வந்த கிளீட்டஸ் அண்ணன் நாற்பது நாள் இருந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனார். மைனி மட்டும் அந்த முப்பத்தொரு தப்படிப் புரியைத் துணியில் சுற்றி, மாதா படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள். ஆறு வருஷம் திட்டுக்கு யாரும் போகவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது ராட்டு கிறீச்சிடும் சத்தம் கேட்கிறது என்று சிலர் சொன்னார்கள். நான் கேட்டதில்லை. காதில் விழுந்துவிடக் கூடாதே என்று சன்னலை அடைத்துக்கொள்வேன், அது உண்மை.

2011இல் மகேஷ்குமார் என்றொரு தம்பி நாகர்கோவிலிலிருந்து வந்தார். துபாயில் ஏதோ ஓட்டலில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டத்தில் கொஞ்சம் பேரை இந்தப் பக்கம் கூட்டிவர அவருக்கு ஒரு யோசனை. கோயில் மண்டபத்தில் பெண்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"வாறவங்க மொதல்ல திட்டுல ஒரு மணி நேரம் கயிறு திரிக்கப் படிக்கணும். பொறவு அவங்க திரிச்ச கயிற அவங்களே இடுப்புல கெட்டிட்டு, மணல் வரம்பு வழியா மூச்சுப்பாறைக்கு நடக்கணும். கைத்தொழிலும் ஆச்சு, அட்வெஞ்சரும் ஆச்சு."

"கழுத்தளவு வெள்ளத்துல நடக்கதுக்குப் பேரு அட்வெஞ்சரா? எனக்க அப்பன் காலத்துலேருந்து நாங்க அதத்தான் செய்யோம். ஒருத்தன் ஒரு டீ வேங்கித் தந்ததில்ல" என்றார் ஏசுஅடிமை.

"கழுத்தளவு இல்லண்ணே. வெள்ளம் வத்துற நேரம் முட்டளவுதான். லைஃப் ஜாக்கெட் உண்டு, உங்க கட்டுமரமும் கூட வரும்."

திட்டிலிருந்து கடல் பக்கமாக வெள்ளத்துக்கு அடியில் ஒரு மணல் வரம்பு ஓடுகிறது. அதன் முடிவில் இருப்பதுதான் மூச்சுப்பாறை. பாறையில் ஒரு பொந்து உண்டு. அலை உள்ளே போகும்போதும் வரும்போதும், ஆள் மூச்சு விடுவது போலச் சத்தம் வரும். அதைக் கேட்கத்தான் கூட்டம் வரும் என்றார் தம்பி. திட்டு என்றதுமே பெண்களில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

"நான் வாறேன்" என்றாள் இசபெல் மைனி.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்தேன். "எதுக்கு மைனி? அங்க உனக்கு என்ன இருக்கு?"

"பிள்ள அங்க தனியா நிக்குதுட்டி" என்றாள்.

அவளைத் தனியாக விட மனசில்லாமல் நான் ராட்டு சுற்றப் போனேன்.

ராட்டு அதே ராட்டுதான். சக்கரத்தை மாற்றினார்கள், கைப்பிடி பழையது. முதல் நாள் நான் சுற்றியபோது ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கை லேசாகத் தடைப்பட்டது. அச்சுக்கு எண்ணெய் விட்டோம், துருவைச் சுரண்டினோம். மாறவில்லை. அது இறுக்கத்தின் தடை இல்லை. கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றப் பழகிய இன்னொரு கை கூடவே பிடித்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. மூன்று நாள் கழித்துத் தீர்த்தம் கொண்டுபோய்த் தெளித்தேன். மைனி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மெல்லத் தெளிட்டி, அவளுக்குக் கண்ணுல படாம" என்றாள்.

ஆனால் வேலை நன்றாகத்தான் நடந்தது. வருகிறவர்களுக்கு மைனி பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். மதுரைப் பக்கத்து வாத்தியார் ஒருவர் பின்பக்கமாக நடக்கத் தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பாக்காதீங்க சார். அவ சுத்துதா இல்லியா, அவ சொல்லுவா" என்று என்னைக் காட்டினாள். ஒவ்வொருவரும் பத்துத் தப்படி நீளத்துக்கு ஒரு கயிறு திரிப்பார்கள். அதைப் பிள்ளைக்கயிறு என்போம். மைனி முன்பே திரித்து வைத்திருந்த கனத்த கயிறு தாய்க்கயிறு. நடக்கும்போது பிள்ளைக்கயிற்றின் ஒரு முனை இடுப்பில், மறுமுனை தாய்க்கயிற்றில். தாய்க்கயிற்றின் கடல்முனை மைனியின் இடுப்பில். அவள் எல்லாருக்கும் முன்னால், கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போவாள். நான் கடைசியில்.

தாய்க்கயிற்றின் கரைமுனையை மைனி ராட்டின் கொக்கியில் மாட்டி, ராட்டு சுழலாதபடி மர ஆப்பு ஒன்றை அடித்து வைப்பாள். "தென்னமூட்டுல கெட்டினா என்ன மைனி?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அங்கயே கெடக்கட்டும். ஆளு இருக்கு" என்றாள்.

திரித்த கயிறுகளை எண்ணிக் கட்டும்போதுதான் முதலில் அது தெரிந்தது. ஒருநாள் ஆறு பேர் வந்து போனார்கள். ஆறு பிள்ளைக்கயிறு இருக்க வேண்டும். ஏழு இருந்தது. ஏழாவது நீளம். அதோடு இடமுறுக்கு.

"ஏதாவது வெளியூர்க்காரன் தலகீழா சுத்திருப்பான்" என்று ஏசுஅடிமை சிரித்தார். "அவனுக வள்ளத்துலயே பொறத்தால பாத்துட்டு உக்காருதானுக."

நான் சிரிக்கவில்லை. அன்று எல்லாருக்கும் சுற்றியது நான்தான், வலக்கையால். மைனி கயிற்றைக் கையில் வாங்கி, செபமாலையை எடுத்து, அடி வைத்து அளந்தாள். முப்பத்தொரு தப்படி. பிறகு இரண்டு தடவை அப்படி ஒரு கயிறு வந்தது. இரண்டும் முப்பத்தொன்று. தும்பு ஈரமாக இருக்கும். அத்தனை வெயிலிலும் காய்ந்திருக்காது. மைனி அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ராட்டுக் கட்டைக்குக் கீழே மணலில் புதைத்தாள்.

"பிள்ள பாவம் மைனி" என்றேன் ஒருநாள். "ஏழு வருஷமா கையெடுக்காம நிக்குதே. நீ சொன்னாத்தான அது மாதாகிட்ட போவும்?"

அவள் ராட்டுக் கட்டைக்குக் கீழே மணலைத் தட்டிச் சமன்படுத்தினாள். "போனா எனக்கு ஆரு இருக்கா?" என்றாள் கடைசியில்.

2012 மே மாசம். பள்ளிக்கூடம் அடைத்திருந்ததால் கூட்டம் அதிகம். அன்று காலை வந்தவர்கள் ஐந்து பேர், ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள். கயிறு திரிக்கும்போதே ஒரே சிரிப்பு. பதினொரு மணிக்கு வெள்ளம் வற்றியது. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடந்தது. மைனி ஆப்பை அடித்து, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாள். திட்டில் வேறு யாரும் இல்லை. ஏசுஅடிமை கட்டுமரத்தில் பக்கவாட்டில் வந்தார்.

பாதி வரம்பு தாண்டினோம். முட்டளவு வெள்ளம் கணுக்கால் அளவுக்கு இறங்கியது. பரவாயில்லையே, நடக்கச் சுலபமாக இருக்கிறது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அப்போதுதான் மூச்சுப்பாறையின் சத்தம் நின்றிருப்பது எனக்கு உறைத்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. காதுக்குள் பஞ்சு வைத்தது போலிருந்தது. மைனி என்னைப் பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், எப்போதும் வெள்ளத்துக்குள் இருக்கிற பாறையின் அடிப்பாகம் பாசியோடு வெளியே தெரிந்தது. அதற்கும் அப்பால் ஒரு கறுத்த கோடு.

அவள் முதுகுக்கு நான்தான் கண்.

"மைனி" என்றேன். "பின்னால..."

"நிக்காத, வா. நின்னா மத்தவியளும் நிப்பாவ" என்றாள். அவள் நடையை நிறுத்தவில்லை.

அப்போது தாய்க்கயிறு என் உள்ளங்கையில் திரும்பியது.

நழுவுகிறது என்றுதான் நினைத்தேன். இறுக்கிப் பிடித்தேன். கைக்குள்ளேயே சுழன்றது. முன்னால் நின்ற பெண், "அக்கா, கயிறு சுத்துதே" என்று சிரித்தாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் கையை விரித்துப் பார்த்தாள். திட்டின் பக்கமிருந்து முறுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. எங்களுடைய வலமுறுக்குக் கயிறு, இடப்பக்கமாகச் சுழன்று சுழன்று, ஒவ்வொரு ஆளாகக் கடந்து, மைனியின் இடுப்புவரை போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், மீதி வரவில்லை.

மைனி நின்றுவிட்டாள். இடுப்பில் இருந்த முடிச்சைத் தொட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. யாரோ கூப்பிட்டு, இந்தத் தடவை காதில் சரியாக விழுந்த மாதிரி இருந்தாள். வாழ்நாளில் கயிற்றில் நிற்கும்போது ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவள், அன்று திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

"எல்லாரும் திரும்புங்க. ஓடுங்க. கயிற விடாதிய" என்றாள். கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு ஐந்து பேரும் ஓடினார்கள்.

காற்றே இல்லாமல் திடீரென்று ஏறி வருகிற கள்ளக்கடல் அது. நாங்கள் திட்டில் ஏறிக் கைதைப் புதரைப் பிடித்தபோது வரம்பு இருந்த இடத்தில் வரம்பு இல்லை. அலை தென்னை அடிவரை வந்து, எங்கள் இடுப்பை நனைத்துவிட்டுப் போனது. ஏசுஅடிமையின் கட்டுமரம் கவிழ்ந்து, அவர் நூறு தப்படிக்கு அப்பால் தலையைத் தூக்கினார். "சவம், எனக்க புது சாரம் போச்சு" என்று கைலியைத் தேடியபடி அங்கிருந்தே சொன்னார். அந்தப் பெண்கள் ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தார்கள்.

நானும் மைனியும் ராட்டிடம் போனோம். ஆப்பு பிடுங்கப்பட்டு, அலை வந்து தொடாத மேட்டில் தனியாகக் கிடந்தது. ராட்டு நின்றிருந்தது. கைப்பிடி நனைந்திருந்தது, ஆனால் வெள்ளம் அந்த உயரத்துக்கு வரவே இல்லை. ஆப்பும் இல்லை, பிடிக்கக் கையும் இல்லை. ஆனாலும் தாய்க்கயிற்றில் ஏறிய முறுக்கு ஒரு சுற்றுகூட இறங்காமல் விறைத்து நின்றது.

மைனி கைப்பிடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். வாய் திறந்தாள். நான் காத்திருந்தேன். அவள் மூடிக்கொண்டாள்.

"சொல்லு மைனி."

"வரல்லட்டி" என்றாள். "தொண்டைவர வருது."

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணைக்கு அவ ரெண்டு தடவ சொன்னா. நான் கேக்கல. இண்ணைக்கு வாயால சொல்ல முடியாம கயித்துல சொன்னா" என்றாள்.

அந்த மாசத்தோடு மகேஷ்குமார் ஆட்களைக் கூட்டிவருவதை நிறுத்தினார். போலீஸ் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மைனி மறுபடி வீட்டுக்குள் இருந்தாள். ஆனால் பழையபடி இல்லை. பூசைக்கு வந்தால் கல்லறைத் தோட்டத்துக் கல்லின் முன்னால் போய் நிற்பாள், பெயர்களுக்குக் கீழே இருக்கிற வெற்றிடத்தைக் கையால் தடவுவாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அஞ்சு பேரக் கரையேத்திட்டா. ஒன்பது வயசுப் பிள்ள. இன்னும் எத்தன வருஷம் நிக்கச் சொல்ல?"

2013 கடைசியில், கீரிப்பாறையில் ரப்பர் வெட்டுகிற தன் தங்கச்சி வீட்டோடு போய் இருப்பதென்று முடிவு செய்தாள். கடல் சத்தம் கேட்காத ஊர் வேண்டும் என்றாள். போவதற்கு முந்தின வாரம் சாமியாரிடம் ஒரு தாளில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தாள். வெட்டச் சொல்லலாமா என்று அவர் கேட்டார்.

"ஒரு வார்த்த பாக்கி இருக்கு சாமி. அதச் சொல்லிட்டு வெட்டலாம்."

புறப்படுகிற அன்று காலை, துணியில் சுற்றி வைத்திருந்த முப்பத்தொரு தப்படிப் புரியை எடுத்துக்கொண்டு, "வாறியா, மீதியத் திரிச்சிருவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள். ஏசுஅடிமை வள்ளத்தில் எங்களைத் திட்டில் விட்டார். மைனியின் பெட்டியும் வள்ளத்திலேயே இருந்தது. முடிந்ததும் அவளை ஆற்றின் மறுகரையில் இறக்கினால் பஸ் பிடிக்கலாம். "உன்ன ரெண்டாவது நடையில கூட்டிட்டுப் போறேன்" என்று என்னிடம் சொன்னார். திட்டில் தனியாக நிற்க வேண்டுமே என்று எனக்குப் பயம். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய புரியின் முனையைக் கொக்கியில் மாட்டினாள். நான் வலக்கையை நீட்டியதும் தலையாட்டினாள். "இடக்கை."

இடக்கையால் சுற்றினேன். எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கை தடைப்படவே இல்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் இருந்த அந்தத் தடை அன்று இல்லை. என் கை போகிற பக்கமே கைப்பிடியும் போனது. சில சுற்றுகளில் நான் சுற்றவே தேவையில்லாமல் இருந்தது.

மைனி முப்பத்தொன்றாம் தப்படியில் நின்று, தும்பைச் சேர்த்து, முப்பத்திரண்டாம் மணியிலிருந்து செபம் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் கடல் சாதாரணமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல மைனி, வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்து மூன்றில் அவள் தண்ணீர் விளிம்பில், வள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். முனையை முடிந்து, அங்கிருந்த கைதை வேரில் கட்டினாள். பிற்பாடு நாங்கள் நாலு பெண்கள் அதை மற்ற இரண்டு புரியோடும் சேர்த்து முறுக்கினோம். இன்றைக்கும் தை மாசம் நம் கோயிலில் கொடி ஏறுவது அந்தக் கயிற்றில்தான். நாற்பத்திரண்டாவது பெயரும் கல்லில் இருக்கிறது.

கட்டி முடித்ததும் அவள் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வள்ளத்தில் ஏறி, திட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சொல் வராததால் நானும் கையை எடுக்கவில்லை. ஏசுஅடிமை கழியை ஊன்றினார். வள்ளம் பத்துத் தப்படி போனது. இருபது போனது. என் புறங்கைமேல் ஏதோ ஈரமாக, சின்னதாக இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. மைனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது என்னை இல்லை. என் இடுப்பு உயரத்துக்கு, ராட்டின் பக்கத்தில், ஒன்பது வயசுப் பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். செபமாலையை முத்தம் செய்துவிட்டு, வெள்ளத்துக்கு மேலே கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"மதி மக்கா. கையெடு."